கியர் சைக்கிளில் ஆபீஸ் போகிறீர்களா? பின் சக்கரத்தின் பல்லைக் கொஞ்சம் பாருங்கள்!

கேசட் என்றதும் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஏ சைடு, பி சைடு, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றியது எல்லாம் வரிசையாக வரும். கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பின் சக்கரத்தின் நடுவில், வலதுபக்கம், சின்னதிலிருந்து பெரியது வரை தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களின் தொகுப்புதான் கேசட். கியர் மாற்றும்போது செயின் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குத் தாவுகிறதே, அந்த இடம்.

சைக்கிள் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பார்கள். எத்தனை கியர் என்று கேட்பார்கள். விலை பேசுவார்கள். கேசட்டைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. குரோம்பேட்டையில் வசிக்கும் அந்த 46 வயதுக் கணக்காளரும் பார்த்ததில்லை, அது ஒருநாள் காலை வாரிவிடும் வரை.

சர்க்கரை கூடியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகு அவர் வாங்கியது அந்த சைக்கிள். பின்னால் எட்டு கியர், முன்னால் மூன்று. வீட்டிலிருந்து கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்குப் போக வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தாலும் 5,000 கிலோமீட்டர். இரண்டு வருடத்தில் 10,000. டயர் மாற்றினார், பிரேக் கட்டை மாற்றினார், காற்று அடித்தார், எண்ணெய் விட்டார். செயினை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அது அறுந்துபோகவும் இல்லை.

பல்லாவரம் சிக்னலில் பச்சை விழுந்தது. மற்ற வண்டிகளோடு சேர்ந்து கிளம்ப, சீட்டிலிருந்து எழுந்து பெடலை அழுத்தி மிதித்தார். 'கடக்' என்று செயின் ஒரு பல்லைத் தாண்டிக் குதித்தது. காலுக்குக் கீழே பெடல் காலியாக இறங்க, முட்டி ஹேண்டில்பாரில் போய் இடித்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் அன்றைக்கு வெறும் சிராய்ப்போடு போயிற்று.

"என்னங்க, சர்க்கரைக்குன்னு ஆரம்பிச்சது, உயிருக்கே வினையாயிடும் போலிருக்கே. ஒரு ஸ்கூட்டர் வாங்கிடலாம்" என்றார் மனைவி. மகள் பிளஸ் டூ. டியூஷன் ஃபீஸ், அடுத்த வருடக் கல்லூரிச் செலவு என்று வரிசையாக நிற்கும்போது ஸ்கூட்டருக்கு மாதத் தவணை கட்டுவது என்றால் யோசிக்கத்தான் வேண்டும். அதைவிட, இரண்டு வருடமாக உடம்புக்கு ஒத்துப்போன ஒரு பழக்கத்தை விடவும் அவருக்கு மனசில்லை.

புதுச் செயின் போட்டும் குதித்தது

பக்கத்தில் இருந்த ஒரு கடையில் காட்டினார். செயின் தேய்ந்துவிட்டது என்று புதுச் செயின் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் இன்னும் மோசம். ஆனால் ஒரு விஷயம் அவர் கவனத்தில் பட்டது. எல்லா கியரிலும் குதிக்கவில்லை. சின்னதிலிருந்து எண்ணினால் இரண்டாவது, மூன்றாவது தட்டுகளில் மட்டும்தான் குதித்தது. பெரிய தட்டுகளில் செயின் சமர்த்தாக ஓடியது.

அடுத்து அவர் போனது, பழைய ரோட்ஸ்டர் சைக்கிள் காலத்திலிருந்து பால்ரஸ் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரின் கடைக்கு.

"அண்ணே, புதுச் செயின்தான். ஆனாலும் குதிக்குது."

"செயின் புதுசு சார், பல்லு பழசு. எந்த கியர்ல தினம் போறீங்களோ அதுலதான் குதிக்கும். நீங்க மிதிக்காத பல்லு அப்படியே இருக்கு பாருங்க."

அவர் சொன்னதில் விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. செயின் 'நீண்டுவிட்டது' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும், அது சுழலும் துளையும் தூசியில் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவு இடைவெளி. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் அதுவே சேரும்போது செயின் மொத்தமாக நீளமாகிறது.

நீளமான செயின், பல்லின் அடியில் அமராமல் கொஞ்சம் மேலே ஏறி அமர்கிறது. பல்லை ஒரே பக்கமாக இழுத்து இழுத்துக் கொக்கி மாதிரி ஆக்கிவிடுகிறது. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று ஓரளவு பொருந்தி ஓடிக்கொண்டிருக்கும். சரியான அளவில் ஒரு புதுச் செயின் வந்ததும் அந்தப் பொருத்தம் போய்விடுகிறது. அழுத்தி மிதித்தால் குதிக்கிறது.

ஆக, அவருக்குப் புது கேசட் தேவை. எதை வாங்குவது?

முதலில் பார்க்க வேண்டியது: கேசட்டா, ஃப்ரீவீலா?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். குறைந்த விலை கியர் சைக்கிள்களில், குறிப்பாகப் பின்னால் ஆறு, ஏழு கியர் உள்ளவற்றில், பெரும்பாலும் இருப்பது ஃப்ரீவீல். அது ஹப்பின் மேல் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். பின்னோக்கி மிதித்தால் 'டிக் டிக்' என்று சத்தம் போடும் பொறியும் அதற்குள்ளேயே இருக்கும். கேசட்டில் அந்தப் பொறி ஹப்போடு சேர்ந்துவிட்டது. பல்சக்கரங்களை மட்டும் காடிகளில் செருகி, மேலே ஒரு வளையத்தால் பூட்டுவார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். நடுவில் ஸ்பேனர் பொருந்தும் வரிப்பள்ளங்கள் தெரியும். பல்சக்கரத்தோடு அவையும் சேர்ந்து சுற்றினால் கேசட். அவை அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

இந்த வித்தியாசம் ஆயுளையும் பாதிக்கும். ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்க பால்ரஸ் சக்கரத்தின் உள்பக்கமாகத் தள்ளி இருக்கும். அதற்கு வெளியே அச்சுக்கம்பி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான ஆள், கேரியரில் பை, குண்டும் குழியுமான சாலை என்று சேர்ந்தால் அச்சு வளையவோ ஒடியவோ வாய்ப்பு அதிகம். கேசட் ஹப்பில் அந்த பால்ரஸ் கிட்டத்தட்ட ஓரத்துக்கே வந்துவிடுகிறது. தினமும் ஆபீஸ் போக புது சைக்கிள் வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஜப்பானின் ஒசாகாவுக்குப் பக்கத்தில் உள்ள சக்காய் நகரில் 1921-ல் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் முதலில் செய்து விற்ற பொருளே ஃப்ரீவீல்தான். அதே நிறுவனம்தான் 1978-ல் இந்த கேசட் முறை ஹப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது.

காசு கூடினால் ஆயுள் கூடுமா?

கணக்காளரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசிஆர் பக்கம் சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர், "எப்படியும் மாத்தறீங்க, பதினோரு கியருக்குப் போயிடுங்க" என்றார். நல்ல பொருளுக்கு நாலு காசு கூடக் கொடுத்தால் நாலு வருடம் கூட உழைக்கும் என்பது நம் வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய நியாயம். மிக்ஸிக்கும் குக்கருக்கும் அது பொருந்தலாம். கேசட்டில் பொருந்தாது.

விலை ஏற ஏற கேசட்டில் குறைவது எடை. பந்தய சைக்கிள்களுக்கான டூரா-ஏஸ் போன்ற உயர்ரக கேசட்டுகளில் பெரிய தட்டுகள் டைட்டானியத்தில் வரும். வேறு சிலவற்றில் அலுமினியத் தட்டுகள் இருக்கும். மலை ஏறும் பந்தயத்தில் நூறு கிராம் குறைந்தாலும் லாபம். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு சுமந்து ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவருக்கு அந்த நூறு கிராமால் ஒரு பயனும் இல்லை. அலுமினியம் இரும்பைவிட மென்மையானது, சீக்கிரம் தேயும். எட்டு, ஒன்பது கியர் வரிசையில் வரும் சாதாரண கேசட்டுகளில் எல்லாத் தட்டும் எஃகுதான். துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூச்சு இருக்கும். கொஞ்சம் கனம், ஆனால் உழைக்கும்.

கியர் எண்ணிக்கையும் அப்படித்தான். எட்டு தட்டு இருக்கும் இடத்தில் பதினொன்றை வைக்க வேண்டுமென்றால் இடைவெளி குறைய வேண்டும். செயினும் ஒல்லியாக வேண்டும். எட்டு கியர் செயினின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். பதினோரு கியர் செயின் சுமார் 5.5 மில்லிமீட்டர். ஒல்லியானதெல்லாம் உடனே தேய்ந்துவிடும் என்று பொருள் இல்லை. நன்றாகக் கடினப்படுத்திய ஒல்லிச் செயின்களும் நெடுநாள் ஓடுகின்றன. ஆனால் மாற்றும் நேரம் வரும்போது செயினும் கேசட்டும் விலை கூடுதல். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும், கியர் மாற்றி லேசாக வளைந்தாலும் கியர் சரியாக விழாது. எட்டு கியருக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துவிடலாம்.

பதினோரு கியருக்குப் போக கேசட் மட்டும் போதாது என்பதையும் நண்பர் சொல்லவில்லை. செயின், கியர் மாற்றி, கைப்பிடியில் உள்ள லீவர் எல்லாம் மாற்ற வேண்டிவரும். எட்டு, ஒன்பது, பத்து கியர் கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே வகை ஹப்பில் உட்காரும். ஏழு கியர் கேசட்டையும் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைப் போட்டு அதில் உட்கார வைக்கலாம். ஆனால் லீவர் எத்தனை கியருக்கோ, கேசட்டும் அத்தனையாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கணக்காளர் எட்டிலேயே நின்றார். முழுக்க எஃகு, எட்டு தட்டு.

எந்தப் பல்லில் ஓட்டுகிறோம்?

கேசட் டப்பா மேல் 11-28, 11-32, 11-34 என்று எண்கள் இருக்கும். சின்னத் தட்டில் எத்தனை பல், பெரிய தட்டில் எத்தனை பல் என்பது அதன் பொருள். பெரிய எண் கூடினால் மேட்டில் ஏறுவது சுலபம். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு 34 வேண்டியிருக்கும். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். பல்லாவரம் மேம்பாலத்துக்கும் கத்திப்பாராவுக்கும் 28 தாராளம்.

11-28 எட்டுத் தட்டில் பொதுவாக 11, 13, 15, 17, 19, 21, 24, 28 என்று பல் எண்ணிக்கை இருக்கும். நடுவில் தாவல் சின்னது என்பதால் சமதளத்தில் காலுக்கு ஏற்ற வேகம் எளிதாகக் கிடைக்கும்.

அடுத்தது, பழைய கேசட்டில் 13-ம் 15-ம் மட்டும் தேய்ந்தது ஏன் என்ற கேள்வி. கணக்காளரின் சைக்கிளில் முன்னால் 42, 32, 22 பற்கள் கொண்ட மூன்று தட்டுகள். பெரியதில் போட்டால் முட்டி வலிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு வருடமும் நடுவில் இருக்கும் 32-லேயே ஓட்டியிருக்கிறார். அதில் வேகம் வேண்டும் என்பதால் பின்னால் சின்னத் தட்டுகளுக்கு இறங்க வேண்டியிருந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால் வேடிக்கை தெரியும். முன்னால் 32, பின்னால் 13 என்றால் ஒரு மிதிக்குப் பின் சக்கரம் 2.46 சுற்று சுற்றும். முன்னால் 42, பின்னால் 17 என்றால் 2.47 சுற்று. காலுக்கு இரண்டும் ஒன்றுதான், முட்டிக்கும் ஒன்றுதான். ஆனால் செயினுக்கு ஒன்றில்லை. அதே அழுத்தத்தில் மிதித்தால், 32-ல் ஓடும்போது செயினின் இழுவிசை 42-ல் இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். அந்த இழுவையைத் தாங்க 17 பல்லுக்குப் பதில் 13 பல். 13 பல்லில் ஏறும் ஒவ்வொரு கண்ணியும் 28 டிகிரி மடங்க வேண்டும், 17 பல்லில் 21 டிகிரி போதும். மடங்கும் இடத்தில்தானே தேய்மானம்.

சமதளத்தில் முன்னால் பெரிய தட்டு, பின்னால் நடுத்தட்டுகள் என்று ஓட்டினால் அதே வேகத்தில் அதே கேசட் அதிக நாள் வரும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. சிக்னலில் நிற்கும் முன்பே ஒன்றிரண்டு கியர் லேசாக்கி வைத்துக்கொண்டால், கிளம்பும்போது எழுந்து நின்று மிதிக்கவும் வேண்டாம்.

ஸ்டீல் டேப் போதும்

கேசட்டை எவ்வளவு பார்த்து வாங்கினாலும், அதன் ஆயுள் அதன் மேல் ஓடும் செயினின் கையில்தான் இருக்கிறது. செயினை உரிய நேரத்தில் மாற்றினால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயின்களைப் பார்த்துவிடும் என்பது நாள்தோறும் ஓட்டுகிறவர்களின் பட்டறிவு. மாற்றாமல் விட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். முன் தட்டும் கூடவே போகலாம்.

உரிய நேரம் எது என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கு சரியாக வராது. மழை, தூசி, எண்ணெய், மிதிக்கும் விதம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றிவிடும். அளந்து பார்ப்பதுதான் வழி. துணி டேப் வேண்டாம், தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் டேப் போதும். எல்லா சைக்கிள் செயினிலும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் டேப்பின் பூஜ்ஜியத்தை வைத்து 24 இடைவெளி எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் ஒரு பின் இருக்கும்.

அந்தப் பின் 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி இருந்தால், செயின் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. செயினை மட்டும் மாற்ற அதுதான் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் ஒரு சதவீதம். அதற்குள் கேசட்டின் பல்லும் பெரும்பாலும் போயிருக்கும். இதற்கென்றே சின்னத் தகடு மாதிரி ஓர் அளவுகோலும் கடைகளில் கிடைக்கிறது.

பல்லைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது வரும் கேசட்டுகளில் சில பற்கள் குட்டையாக, ஒரு பக்கம் சீவியது போல இருக்கும். செயின் எளிதாகத் தாவட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஷிமானோவின் ஹைப்பர்கிளைட் கேசட்டில் 1989-லிருந்து இந்த அமைப்பு இருக்கிறது. அதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல கேசட்டைக் கழற்றிவிடக் கூடாது. ஒரே தட்டில் எல்லாப் பல்லும் ஒரே பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால்தான் தேய்மானம்.

எண்ணெய் விஷயத்தில் பெரியவர் கறாராகச் சொன்னார்: "வேஸ்ட் ஆயில் ஊத்தாதீங்க சார். பளபளன்னு இருக்கும், தூசியெல்லாம் அதுலதான் ஒட்டும். அப்புறம் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரிதான்." பழைய துணியால் செயினைத் துடைத்து, சைக்கிள் செயினுக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வழிவதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் அன்றே துடைப்பது நல்லது.

தாத்தா காலத்து சைக்கிள்கள் பல வருடம் செயின் மாற்றாமல் ஓடியதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவற்றில் தடித்த செயின், முன்னும் பின்னும் ஒரே பல்சக்கரம், செயின் வளையாமல் ஒரே நேர்கோட்டில் ஓட்டம். பல சைக்கிள்களில் முழுச் செயின் கவர் வேறு. தூசியும் மழையும் உள்ளே போக வழியில்லை. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் சமதளம்தான் என்றால், கியரே இல்லாத, செயின் கவர் போட்ட சைக்கிள் இன்றைக்கும் நல்ல தேர்வு. தூரம் கூடும்போது, எதிர்க்காற்றும் மேம்பாலமும் இருக்கும்போது, கியர் வேண்டியிருக்கிறது. அப்போது செயின் கவர் செய்த வேலையை ஓட்டுகிறவரின் துணி செய்ய வேண்டும்.

கேசட்டைப் பூட்டும் வளையத்தில் 40 என்.எம். என்று பொறித்திருக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பூட்ட வேண்டும் என்ற அளவு அது. கழற்ற தனி சாவியும், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் செயின் கோத்த ஒரு கைப்பிடியும் வேண்டும். இரண்டும் உள்ள கடைதானா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுவது நல்லது. உளியும் சுத்தியலும் எடுக்கும் கடையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

பெரியவர் புது கேசட்டைப் பூட்டி, முன்பு போட்ட செயினையே அதில் ஓட்டிக் காட்டினார். அது இன்னும் புதிதாகவே இருந்ததால் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கத் தட்டுகளையும் பார்த்து, இன்னும் தாங்கும் என்றார். ஸ்கூட்டரின் முதல் தவணைக்குக்கூட வராத செலவு.

இப்போது அந்த வீட்டுக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்கும் பால்காரர் கணக்குக்கும் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு மகள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் 24 வரை எண்ணுகிறார். "பன்னெண்டேதான்பா" என்று அவள் சொன்னால் காலண்டரில் 12 என்று எழுதுகிறார். கொட்டும் மழை நாளில் மின்சார ரயிலில் போய்விடுகிறார். மனைவி ஸ்கூட்டர் பேச்சை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனையோடு தள்ளிவைத்திருக்கிறார்: "சின்னதா சத்தம் கேட்டாலும் அன்னைக்கே அண்ணன் கடைக்குப் போயிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லக் கூடாது."